குடியை விடுற செலவு ஆற்ற கொப்பியில ஏறுது?

தங்கச்சி, நீங்கள் கேட்டது இதுதான். உங்கட ஊர்ச் சங்கத்துக்கு கனடாவிலயும் சுவிஸிலயும் இருக்கிற ஊர் ஆக்கள் காசு சேர்த்துத் தரப்போகினம், ஒரு பகுதி ஆக்கள் 20 கட்டில் போட்ட போதை மீட்பு நிலையம் ஒண்டு கட்டுவம் எண்டு நிக்கினம், மற்றப் பகுதி கட்டிடம் வேண்டாம், கிளினிக் நாளுக்கு ஆள் போட்டு பிறகு வீடு வீடாப் போய்ப் பாக்கிறதுக்கு அந்தக் காசைப் பாவிப்பம் எண்டு நிக்கினம், இதுக்குள்ள கூட்டத்தில ஆரோ எழும்பி "போதைச் சிகிச்சைக்கு ஒரு டொலர் போட்டா ஏழு டொலர் திரும்பி வருமாம்" எண்டு சொல்லிப்போட்டார். அது உண்மையோ, முல்லைத்தீவுப் பக்கத்துக்குப் பொருந்துமோ, நாங்கள் எப்பிடிக் கணக்குப் பாக்கிறது, பலனை எதால அளக்கிறது எண்டு கேட்டிருக்கிறீங்கள். சிகிச்சைக்கு என்ன செலவு, அதால என்ன கிடைச்சது எண்டு கணக்குப் பாக்கிற வேலையில நான் கன வருசம் இருந்தனான், அதில கொஞ்சக் காலம் வன்னியிலயே கிளினிக் ரெஜிஸ்டரோட இருந்தனான், அதால கொஞ்சம் நீட்டித்தான் எழுதப்போறன், பொறுமையா வாசியுங்கோ.

முதல்ல அந்த ஏழு டொலர். அது பொய் இல்லை. 1992 இல அமெரிக்காவில கலிபோர்னியா மாநிலத்தில சிகிச்சை எடுத்த கிட்டத்தட்ட ஒன்றரை லட்சம் பேர், அதில ஒரு பகுதி ஆக்களைத் தேடிப்பிடிச்சு விசாரிச்சு 1994 இல ஒரு அறிக்கை வந்தது, சிகிச்சைக்குப் போனது ஏறக்குறைய 20 கோடியே 90 லட்சம் டொலர், மிச்சம் பிடிச்சது ஏறக்குறைய 150 கோடி டொலர் எண்டு. பிறகு 2006 இல அதே மாநிலத்தில இன்னொரு ஆய்வு, ஒராளுக்கு சராசரி 1,583 டொலர் செலவு, 11,487 டொலர் நன்மை, திரும்பவும் ஒண்டுக்கு ஏழு. இந்த எண்தான் எல்லா இடமும் சுத்தித் திரியுது. ஆனா அந்த 11,487 எங்க இருந்து வந்தது எண்டு பிரிச்சுப் பாக்கோணும், அதில கிட்டத்தட்ட 65 வீதம் குற்றம் குறைஞ்சதால வந்தது. களவு, பொலிஸ், நீதிமன்றம், மறியல், களவு குடுத்தவன்ர நட்டம் எல்லாம் அதுக்குள்ள. உழைப்பு கூடினதால வந்தது 29 வீதம் அளவில. மருத்துவச் செலவு குறைஞ்சது மிச்சச் சொச்சம்.

இப்ப உங்கட ஊரை நினைச்சுப் பாருங்கோ. பின்னேரம் வயலால வந்து கசிப்பு அடிக்கிற மனுசன் வெளியில ஒரு வீட்டையும் உடைக்கேல்ல, ஒரு ஆளின்ர சங்கிலியையும் அறுக்கேல்ல. அவர் எடுக்கிறது தன்ர வீட்டில இருந்துதான், மனிசியின்ர காப்பு, பிள்ளையின்ர உண்டியல், நெல்லு வித்த காசு. அதுக்கு பொலிஸ் கேஸ் இல்லை, கோட்டுச் செலவு இல்லை, மறியல் செலவு இல்லை. அப்ப கலிபோர்னியாக் கணக்கில ஏழில நாலரை பங்கா நிக்கிற அந்தப் பெரிய துண்டு இஞ்ச அப்பிடியே காணாமல் போகுது. ஐஸ், தூள் மாதிரிப் போதைப்பொருள் பாவிக்கிற பெடியளில கொஞ்சப் பேருக்கு களவும் சேர்ந்து வரும், அது வேற கணக்கு, அதுக்குப் பிறகு வாறன். ஆனா உங்கட ஊரில நூறு பேரில கூடப் பேர் குடிகாரர் எண்டா ஏழு எண்ட எண்ணை கூட்டத்தில திரும்பச் சொல்ல வேண்டாம். வெளிநாட்டில இருந்து தாற ஆக்கள் ரெண்டு வருசத்தில வந்து "எங்க அந்த ஏழு?" எண்டு கேப்பினம், உங்களிட்ட காட்ட ஒண்டும் இராது, நல்லா நடந்த வேலையும் தோத்த மாதிரித் தெரியும்.

இன்னொரு விசயமும் இருக்குது, இது கொஞ்சம் நுட்பம், ஆனா விளங்கிக்கொள்ளுங்கோ. ஒருத்தர் சிகிச்சைக்கு வாறது எப்ப? எல்லாம் முறிஞ்சு, வேலை போய், ஆஸ்பத்திரியில விழுந்து எழும்பி, மனிசி தாய் வீட்டை போனாப் பிறகு. அதாவது அவற்ற வாழ்க்கையில ஆகக் கெட்ட மாசத்தில. அந்த வருசத்தையும் அடுத்த வருசத்தையும் பக்கத்தில பக்கத்தில வைச்சா எப்பிடியும் அடுத்த வருசம் நல்லாத்தான் இருக்கும், கொஞ்சப் பேர் சிகிச்சை இல்லாட்டியும் ஏறி வந்திருப்பினம். இரணைமடுக் குளத்தை ஆவணியில வத்தின நேரம் அளந்துபோட்டு, மார்கழி மழைக்குப் பிறகு அளந்து, நான் வைச்ச பொங்கலாலதான் தண்ணி ஏறினது எண்டு சொன்னா எப்பிடி இருக்கும்? அப்பிடித்தான் முன்னுக்குப் பின் மட்டும் பாக்கிற கணக்கும். பக்கத்தில ஒரு ஒப்பீடு வேணும், சிகிச்சை கிடைக்காத, அல்லது வேற மாதிரிச் சிகிச்சை கிடைச்ச ஆக்கள். அதோட ஒரு வருசத்துக்குப் பிறகு கூப்பிட்டா வந்து பதில் சொல்லுறது நல்லா இருக்கிற ஆக்கள்தான், திரும்பக் குடிக்கத் தொடங்கினவர் போன் எடுக்க மாட்டார். வந்த ஆக்களை மட்டும் எண்ணினா உங்கட வெற்றி வீதம் வானத்தில நிக்கும். தேடிப் பிடிக்கேலாத ஆளை குடிக்கிறார் எண்டே எழுதி ஒருக்காக் கணக்குப் பாருங்கோ, அப்பவும் நிக்கிற முடிவுதான் நம்பக்கூடின முடிவு.

ஒப்பீடு வைச்சு ஒழுங்காச் செய்த ஆய்வுகள் இருக்குது. பிரிட்டனில 742 பேரை ரெண்டாப் பிரிச்சு, ஒரு பகுதிக்கு மூண்டு தரம் இருந்து கதைக்கிற சிகிச்சை, மற்றப் பகுதிக்கு குடும்பம், சினேகிதரையும் சேர்த்து எட்டுத் தரம் இருந்து கதைக்கிற சிகிச்சை, 2005 இல முடிவு வந்தது. ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு வேலை செய்தது, ரெண்டும் தன்ர செலவைப்போல ஏறக்குறைய அஞ்சு மடங்கை சுகாதார, சமூக, நீதித்துறைச் செலவில மிச்சம் பிடிச்சது. அதே மாதிரி அமெரிக்காவில 1,726 பேரோட செய்து 1997 இல முடிவு வந்த பெரிய ஆய்விலயும் நாலு அமர்வுச் சிகிச்சை, 12 அமர்வுச் சிகிச்சையளுக்கு பெரிசாப் பின்னுக்கு நிக்கேல்ல. எனக்கு இதில பிடிச்ச விசயம் என்னெண்டா, கூட நேரம், கூடக் காசு எண்டா கூட நன்மை எண்டு நாங்கள் நினைக்கிறது எப்பவும் சரிவராது எண்டு இவை காட்டினது.

எங்களுக்கு ஆகக் கிட்டவா இருக்கிறது கோவா ஆய்வு. இந்தியாவில கோவா மாநிலத்தில 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில 377 ஆம்பிளையளை ரெண்டாப் பிரிச்சு, ஒரு பகுதிக்கு வழமையான கவனிப்போட கதைக்கிற சிகிச்சையும், மற்றப் பகுதிக்கு வழமையான கவனிப்பு மட்டும். கவனியுங்கோ, அங்க கதைச்சது டொக்டரும் இல்லை, படிச்ச உளவளத்துணையாளரும் இல்லை, ஊரில இருந்து எடுத்துப் பழக்கின சாதாரண ஆக்கள், ஆகக் கூடினது நாலு அமர்வு. மூண்டு மாசத்தில பாத்தா கெட்ட குடியை விட்டு வெளியில வந்தது கதைச்ச பகுதியில 36 வீதம், மற்றப் பகுதியில 26 வீதம், கடைசி 14 நாளும் ஒரு துளியும் தொடாதது 42 வீதமும் 18 வீதமும். கூடுதலா ஒராளை வெளியில கொண்டுவர ஆன செலவு ஏறக்குறைய 217 டொலர், அந்த இடத்துக்கு அது பெறுமதியான செலவா இருக்கிறதுக்கு 85 வீத வாய்ப்பு எண்டு 2017 இல எழுதினவை. அந்த 36 க்கும் 26 க்கும் இடையில உள்ள பத்தைப் பாருங்கோ. சிகிச்சையால வந்தது அந்தப் பத்துத்தான், 36 இல்லை. ஒப்பீடு இல்லாமல் செய்திருந்தா 36 எண்டு தம்பட்டம் அடிச்சிருப்பினம். இன்னொண்டு, அவை எடுத்தது கெடுதியா குடிக்கிற ஆக்களைத்தான், விடிய எழும்பினவுடன கை நடுங்கி ஒரு கிளாஸ் விட்டாத்தான் நிக்கிற ஆக்களை அந்த ஆய்வுக்குள்ள எடுக்கேல்ல. அந்த ஆக்களுக்கு நாலு அமர்வு காணாது.

சரி, இப்ப நான் சொல்ல வந்த முக்கிய விசயத்துக்கு வாறன்.

நான் கிளினிக்கில இருக்கேக்க மல்லாவிப் பக்கத்தில இருந்து ஒரு மனிசி புருசனைக் கூட்டிக்கொண்டு வருவா. விடிய வெளிக்கிட்டு மாங்குளம், அங்க இறங்கி நிண்டு அடுத்த பஸ், ஒட்டுசுட்டான் தாண்டி முல்லைத்தீவு, பிறகு நம்பர் எடுத்துக் குந்தியிருந்து, திரும்பிப் போக இருட்டும். ஒருநாள் நான் செலவுப் பாரம் நிரப்ப "அம்மா, இதால உங்களுக்கு என்ன செலவு?" எண்டு கேக்க, அவ சொப்பிங் பையுக்குள்ள இருந்து மகளின்ர பழைய கணக்குக் கொப்பி ஒண்டை எடுத்து நீட்டினா. முன்பக்கத்தில பிள்ளையின்ர பின்னக் கணக்கு, சிவப்புப் பேனையால சரி போட்டிருந்தது. பின்பக்கத்தில இருந்து திருப்பினா அம்மாவின்ர எழுத்து. கடைக் கடன். காப்பு அடகு, பக்கத்தில வட்டி மாசம் மாசம். பஸ் ரெண்டு பேருக்கு. கச்சான் புடுங்கப் போகேலாமல் போன நாள் மூண்டு, கூலி இவ்வளவு. மோட்டச்சைக்கிள் விழுந்தது, கண்ணாடி, கை மருந்து. மைக்ரோ பினான்ஸ் லோன் கட்ட சீட்டில எடுத்தது. அதுக்குக் கீழ "சின்னவன் டியூசன் நிப்பாட்டினது" எண்டு ஒரு வரி, அதுக்கு நேர தொகை எழுதேல்ல, சின்னக் கோடு ஒண்டுதான் போட்டிருந்தா.

அதே ஆளுக்கு எங்கட ரெஜிஸ்டரில இருந்தது ஆறு வரி. வந்த திகதி, குளிசை, விற்றமின், அடுத்த திகதி. நாங்கள் அந்த ஆறு வரியை வைச்சு "ஒரு நோயாளிக்கான செலவு" எண்டு கூட்டி மேல அனுப்பினனாங்கள். சிறிய எண். பாக்கிற ஆளுக்கு குடி எண்டது ஒரு சின்னப் பிரச்சினை, சிகிச்சையும் மலிவு எண்டுதான் தெரியும். உண்மைச் செலவு முழுக்க அந்தக் கொப்பியின்ர பின்பக்கத்தில கிடந்தது.

எங்கட துறையில இதை கண்ணோட்டம் எண்டு சொல்லுவினம், ஆற்ற கணக்கில நிண்டு பாக்கிறம் எண்டது. ஆஸ்பத்திரியின்ர கணக்கில நிண்டா சம்பளம், மருந்து, கட்டில். அரசாங்கத்தின்ர கணக்கில நிண்டா அதோட அஸ்வெசும எண்ட உதவிப்பணம், பொலிஸ் எல்லாம் வரும், அதோட குடி வரி குறையிறது நட்டமாகவும் வரும். முழுச் சமூகத்தின்ர கணக்கில நிண்டா வரி எண்டது ஒரு சட்டைப்பையில இருந்து மற்றச் சட்டைப்பைக்குப் போறது மட்டும்தான், அது செலவும் இல்லை வரவும் இல்லை, ஆனா அந்த அம்மாவின்ர கூலி போன மூண்டு நாள் உண்மையான இழப்பு. குடும்பத்தின்ர கணக்கில நிண்டா எல்லாத்தையும் விட அடகு வட்டிதான் பெரிசு. ஒரே மனுசன், ஒரே சிகிச்சை, நாலு விடை. எது பிழை எண்டு இல்லை, ஆனா எதில நிக்கிறம் எண்டு முதலே சொல்லிப்போட்டு நிக்கோணும். வன்னியில என்ர முடிவு, குடும்பத்தின்ர கணக்கை விட்டுட்டு ஒரு ஆய்வு செய்தா அது பாதி ஆய்வு. இலங்கைக்கு மொத்தமா 2015 இல மதுவால வந்த பொருளாதார இழப்பு ஏறக்குறைய 88 கோடியே 60 லட்சம் டொலர், மொத்த உள்நாட்டு உற்பத்தியில 1.07 வீதம் எண்டு 2018 இல ஒரு ஆய்வு வந்தது, நல்ல வேலை, வைத்தியச் செலவையும் நோயாலயும் வேளைக்குச் செத்ததாலயும் இழந்த உழைப்பையும் கூட்டி எடுத்தது. ஆனா அடகு வட்டியும் நிப்பாட்டின டியூசனும் அந்த மாதிரிப் பெரிய கணக்குக்குள்ள வாறது கஷ்டம், அதை ஊரில இருக்கிற நீங்கள்தான் பிடிக்கலாம்.

இழந்த உழைப்பைக் கணக்குப் பாக்கிறதிலயும் எங்கட இடத்துக்கு ஒரு சிக்கல் இருக்குது. வழமையா செய்யிறது, ஆள் எத்தினை நாள் வேலைக்குப் போகேல்ல, நாள் கூலி எவ்வளவு, பெருக்கு. காலபோக அருவி வெட்டு நேரம் ஒரு நாள் போகாட்டி அது உண்மையான நட்டம், ஆள் பிடிக்கேலாது. அதே மனுசன் சிறுபோகத்துக்குத் தண்ணி விடாத வருசம் ஆடி மாசம் குடிச்சுப்போட்டு வீட்டில கிடந்தா அண்டைக்கு வேலையே இல்லை, இருந்தாலும் பக்கத்து வீட்டுப் பெடியன் அதைச் செய்து கூலி வாங்கியிருப்பான். ஊருக்கு நட்டம் இல்லை, அந்த வீட்டுக்குத்தான் நட்டம். அதால ரெண்டு வகையாகவும் பாத்து ரெண்டு எண்ணையும் எழுதுங்கோ. பிறகு மனிசியின்ர வேலை. அவ வீட்டில செய்யிறதுக்கு சம்பளம் இல்லை எண்டு பூச்சியம் போடுற பழக்கம் இருக்குது, அதை தயவுசெய்து செய்யாதேங்கோ. புருசனை கிளினிக்குக்கு கொண்டுவாற நாளில அவ தோட்டத்துக்குப் போகேல்ல, மாட்டுக்குப் புல்லு வெட்டேல்ல, அந்த நாளுக்கு பொம்பிளையளின்ர கூலி எவ்வளவோ அதைப் போடுங்கோ.

இனி கட்டிடமோ கிளினிக்கோ எண்ட கேள்வி. செலவைக் கூட்டேக்க சும்மா வந்ததையும் கூட்டோணும், இதுதான் கன இடத்தில விடுபடுறது. காணி ஆரோ அன்பளிப்பாத் தந்தாலும் அந்தக் காணிக்கு ஒரு வாடகை இருக்குது, வேற ஒண்டுக்குப் பாவிச்சிருக்கலாம். தொண்டு வேலைக்கு வாற ஆளின்ர நேரத்துக்கு விலை இருக்குது. ஒருக்கா ஒரு புரஜெக்டின்ர கணக்கைப் பாத்தனான், ஒராளுக்கு இவ்வளவு மலிவு எண்டு பெருமையா எழுதியிருந்தினம், பிறகு தோண்டினா டொனர் குடுத்த வாகனமும் அதின்ர டீசலும் டிரைவரின்ர சம்பளமும் வேற ஒரு தலைப்புக்குள்ள கிடந்தது. டொனர் போன அடுத்த வருசம் வாகனம் நிண்டுது, வீட்டுக்குப் போற வேலையும் அதோட நிண்டுது. உண்மைச் செலவை எழுதியிருந்தா சனம் முதலே மோட்டச்சைக்கிளில போற மாதிரித் திட்டம் போட்டிருக்கும். அமெரிக்காவில மயாமிப் பல்கலைக்கழகத்தில இதுக்கெண்டே ஒரு படிவம் செய்து வைச்சிருக்கினம், ஆள், இடம், சாமான், ஒப்பந்த வேலை, சும்மா வந்தது எண்டு தலைப்புத் தலைப்பா நிரப்புறது, நீங்கள் அந்த அளவுக்குப் போகத் தேவையில்லை, ஆனா அந்த மனப்பான்மை வேணும். 20 கட்டில் எண்டா இரவு ஆள் ரெண்டு பேர், சமையல், காவல், கரண்ட் பில், ஜெனரேட்டர், கூரை திருத்தம், அனுமதி எடுக்கிற செலவு, போதைப்பொருள் ஆக்களை வைச்சுப் பாக்கிறதெண்டா 2007 ஆம் ஆண்டுச் சட்டமும் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையும் இருக்குது, விரும்பின மாதிரி வீட்டைப் பூட்டி ஆளை வைக்கேலாது. கட்டில் வெறுமையாக் கிடந்தாலும் இந்தச் செலவில முக்கால்வாசி ஓடும்.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுறன், எண் எல்லாம் விளங்குறதுக்காக நான் வைச்சது, எந்த ஊரின்ரயும் இல்லை. கிளினிக்கும் வீட்டுக்குப் போறதுமா வருசம் 50 பேருக்கு 10 லட்சம், ஒரு வருசத்துக்குப் பிறகு 15 பேர் குடிக்காமல் நிக்கினம். கட்டில் நிலையத்தில 50 பேருக்கு 60 லட்சம், 20 பேர் நிக்கினம். கூட்டத்தில நிச்சயம் ஒராள் சொல்லுவார், 20 பெரிசு, அப்ப நிலையம்தான் நல்லது எண்டு. கேக்க வேண்டியது, அந்த மேலதிக 5 பேருக்கு நாங்கள் மேலதிகமா என்ன குடுத்தனாங்கள்? 50 லட்சம். ஒராளுக்கு 10 லட்சம். அதே 50 லட்சத்தை கிளினிக் முறைக்குப் போட்டிருந்தா இன்னும் 250 பேரைப் பாத்து 75 பேரை நிப்பாட்டியிருக்கலாம், அவ்வளவு பேர் வந்தா எண்டு வையுங்கோ. இன்னும் ஒரு படி, சும்மா விட்டாலே 50 இல 8 பேர் தாங்களா விட்டிருப்பினம் எண்டா கிளினிக்கின்ர உண்மை வேலை 15 இல்லை, 7. அப்ப ஒராளுக்கு 67 ஆயிரம் எண்டு தெரிஞ்சது 1 லட்சத்து 43 ஆயிரமா மாறும். அப்பவும் 10 லட்சத்துக்குக் கிட்டவும் இல்லை. பொருளாதார மதிப்பீட்டின்ர இருதயமே இந்த "மேலதிகமா என்ன குடுத்து மேலதிகமா என்ன எடுத்தனாங்கள்" எண்ட பிரிப்புத்தான். மொத்தத்தை மொத்தத்தால பிரிச்சா ஏமாந்துபோவம்.

இதை வாசிச்சுப்போட்டு கட்டில் வேண்டவே வேண்டாம் எண்டு நான் சொல்லுறதா நினைக்காதேங்கோ. கனகாலம் கடுமையாக் குடிச்ச ஆள் திடீரெண்டு நிப்பாட்டினா ரெண்டு மூண்டு நாளுக்குள்ள வலிப்பு வரலாம், பேய் பாத்த மாதிரி மாறாட்டம் வரலாம், அதில உயிர் போகும். அந்த ஆளுக்கு வாட்டில கட்டில் வேணும், டயசிபாம் மாதிரி மருந்து வேணும், தயமின் விற்றமின் வேணும், தயமின் சில்லறைக் காசு, ஆனா அது குடுக்காமல் விட்டா மூளை நிரந்தரமாப் பழுதாகலாம், அப்பிடி ஞாபகம் போன ஒராளை மிச்ச வாழ்நாள் முழுக்க வீட்டில பாக்கிற செலவை நினைச்சுப் பாருங்கோ. ஆனா அந்தக் கட்டில் ஏற்கெனவே இருக்குது, மாஞ்சோலை ஆஸ்பத்திரியில இருக்குது, கிளிநொச்சியில, வவுனியாவில இருக்குது, அரசாங்கம் இலவசமாத் தருது. ஒரு கிழமை, பத்து நாள் அங்க, பிறகு ஊரில தொடர்ச்சி. அறுந்துபோறது கட்டிலில இல்லை, வாட்டால வீட்டை வந்த அடுத்த நாளில. அண்டைக்கு ஆர் வந்து கதவைத் தட்டுறது எண்டதுக்குத்தான் இஞ்ச காசு இல்லை.

ஐஸ் பாவிக்கிற பெடியளுக்கு வேற கதை. அதுக்கெண்டு அங்கீகரிச்ச மருந்து ஒண்டும் இன்னும் இல்லை. ஆகக் கூட ஆதாரம் இருக்கிறது, சலப் பரிசோதனை சுத்தமா வந்தா ஒவ்வொரு தரமும் சின்னப் பரிசு, வவுச்சர் குடுக்கிற முறைக்கு. கேக்க சனத்துக்குக் கோவம் வரும், "போதை பாவிச்சவனுக்குப் பரிசோ" எண்டு. எனக்கும் முதல்ல அப்பிடித்தான் இருந்தது. ஆனா அந்தப் பரிசின்ர விலையையும் ஒரு மாசம் மறியலில வைச்சிருக்கிற செலவையும் பக்கத்தில வைச்சுப் பாத்தா யோசிப்பீங்கள். இந்தப் பெடியளுக்கு மட்டும் குற்றச் செலவையும் கணக்கில சேருங்கோ, ஆனா ஒரு எச்சரிக்கை, அதில பெரும்பகுதி ஒண்டு ரெண்டு பேராலதான் வரும். 40 பேரில ஒருத்தன் மோட்டச்சைக்கிள் களவில பிடிபட்டா சராசரி துள்ளி எழும்பும். அவனை எடுத்துப்போட்டும் ஒருக்காக் கூட்டிப் பாத்து, ரெண்டையும் எழுதுங்கோ.

பலனை எதால அளக்கிறது எண்டு உங்கட கேள்வியில கடைசியா இருந்தது. பெரிய நாடுகளில குவாலி எண்டு ஒண்டு பாவிக்கினம், ஒரு வருசம் நல்ல சுகத்தோட வாழ்ந்தா ஒண்டு, பாதிச் சுகத்தோட வாழ்ந்தா அரை, அப்பிடி. நடமாட்டம், தன்னைத் தான் பாக்கிறது, வழமையான வேலை, நோவு, மனக் கவலை எண்டு அஞ்சு கேள்வி கேட்டு எடுக்கிறது, இலங்கைச் சனத்திட்டையே கேட்டு அதுக்கு மதிப்பும் போட்டிருக்கினம். பிரிட்டனில கனகாலமா ஒரு குவாலிக்கு 20,000 இல இருந்து 30,000 பவுண் வரை குடுக்கலாம் எண்டு வைச்சிருந்தினம். ஏழை நாடுகளுக்கு தலைக்கான உள்நாட்டு உற்பத்தியின்ர மூண்டு மடங்குக்குள்ள வந்தாச் சரி எண்டு எல்லாரும் எழுதிக்கொண்டு இருந்தவை, பிறகு உலக சுகாதார நிறுவனத்து ஆக்களே அதை அப்பிடிப் பாவிக்க வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டினம். உங்கட சங்கத்துக்கு இது தேவையில்லை. அதோட அந்த அஞ்சு கேள்வியும் குடிக்கிற ஆளிட்டத்தான் கேக்கிறது. அவருக்கு நடமாட்டம் சரி, நோவு இல்லை, கவலையும் இல்லை, குடிச்சுப்போட்டு நல்லா நித்திரை. கவலையும் நோவும் பக்கத்துப் பாயில படுத்திருக்குது, அதை அந்தப் பாரம் கேக்காது. நான் உங்களுக்குச் சொல்லுறது மூண்டு விசயம் மட்டும் பாருங்கோ எண்டு: கடைசி 30 நாளில எத்தினை நாள் குடிச்சவர், அந்த மாசம் எத்தினை நாள் உழைச்சு அதில எவ்வளவு வீட்டை வந்தது, மனிசி அல்லது தாயிட்டத் தனியா வைச்சு, தனியா எண்டது முக்கியம், வீட்டில அடி, சண்டை எத்தினை நாள். முழுசா விட்டாரா இல்லையா எண்டு மட்டும் பாக்காதேங்கோ. 28 நாள் குடிச்சவர் 6 நாளுக்கு வந்திருந்தா அந்த வீட்டில சோறு வெந்திருக்குது, அதைத் தோல்வி எண்டு எழுதினா பொய்.

எவ்வளவு காலம் பாக்கிறது? மூண்டு மாசத்தில நிப்பாட்டினா எல்லாம் வடிவாத் தெரியும். குறைஞ்சது ஒரு வருசம், 3, 6, 12 மாசத்தில கேளுங்கோ. வன்னியில அதுக்கு இன்னொரு காரணமும் இருக்குது, காலபோக நெல்லு வித்துக் காசு கையில புழங்குற நேரமும், ஒரு சதமும் இல்லாத நேரமும் ரெண்டும் உள்ளுக்க வரோணும், காசு இல்லாததால குடிக்காமல் இருக்கிறதை சிகிச்சையின்ர வெற்றி எண்டு எழுதிப்போடுவம். திரும்பக் குடிக்கத் தொடங்கினா அந்தச் செலவும், திரும்ப வாட்டுக்குப் போற செலவும் அதே ஆளின்ர கணக்கில ஏறோணும். ரெண்டு மூண்டு வருசத்துக்கு நீண்டா வருங்காலக் காசை வருசத்துக்கு 3 வீதம் போல குறைச்சு மதிக்கிற வழக்கம் இருக்குது, ஒரு வருசக் கணக்குக்கு அது தேவையில்லை, விடுங்கோ.

ஒப்பீட்டுக்கு ஒரு வழி சொல்லுறன். உங்கட சங்கம் பாக்கிற ஆறு கிராமத்துக்கும் ஒரேயடியா ஆள் போடக் காசு இல்லைத்தானே, எப்பிடியும் மூண்டில துவங்கி அடுத்த வருசம் மற்ற மூண்டுக்குப் போவீங்கள். அந்த முதல் மூண்டு எது எண்டதை தலைவரும் செயலாளரும் தீர்மானிக்காமல் எல்லா விதானைமாரையும் வைச்சு திருவுளச்சீட்டு எடுங்கோ. ஊருக்குள்ள சண்டையும் வராது, பிந்தித் துவங்குற மூண்டு கிராமமும் உங்களுக்கு ஒப்பீடாகவும் இருக்கும், ஒருத்தரையும் கைவிட்டதாகவும் இராது. அந்த மூண்டு கிராமத்திலயும் வாட்டுக்குப் போகவேண்டிய ஆள் இருந்தா காத்திருக்க விடாதேங்கோ, உடன அனுப்புங்கோ, கணக்கு கொஞ்சம் கலங்கினாலும் பரவாயில்லை.

கொப்பி ஒண்டு அடியுங்கோ, பெரிய சொப்ட்வெயர் வேண்டாம். இடப்பக்கம் கிளினிக் எழுதுறது, வலப்பக்கம் வீட்டு ஆள் சொல்லுறது, பஸ், கூலி போன நாள், கடைக் கடன், அடகு, வட்டி. வலப்பக்கத்தில கடைசிக் கட்டத்துக்கு தலைப்புப் போடாமல் வெறுமையா விடுங்கோ, அதில அவை சொல்லுறதை அவை சொன்ன மாதிரியே எழுதுங்கோ, தொகை இல்லாட்டி கோடு போடுங்கோ. எழுதப் போற பிள்ளையளுக்கு முதல்ல ரெண்டு நாள் பழக்கோணும், ஆற்ற வீட்டுக் கொப்பியும் ஊரில கதையா வெளிக்கிடக் கூடாது, பேருக்குப் பதிலா நம்பர் போடுங்கோ, நம்பருக்குரிய பேர் உள்ள பட்டியல் ஒராளிட்ட மட்டும் பூட்டி இருக்கட்டும். ஐப்பசிக்கு முதல் துவங்கினா விதைப்புக்கு முந்தின கணக்கு உங்களிட்ட இருக்கும். முதல் 20 பேரின்ர கொப்பி நிரம்பினவுடன நம்பர் மட்டும் வைச்சு எனக்கு அனுப்புங்கோ, எந்தக் கட்டம் வேலை செய்யுது எது செய்யேல்ல எண்டு இருந்து பாத்து, கட்டிடம் பற்றின கூட்டத்துக்கு முதல் ஒரு பக்கத்தில எழுதித் தாறன்.